விசைப்பலகையைக் காணவில்லை

1996 ஆம் ஆண்டை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது இருட்டுத்தான். மழை பொய்த்து மலையகத்து நீர்த்தேக்கங்கள் வற்றிப்போக, நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த இலங்கையில் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு. நான் அப்போது கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் இருந்தேன். அச்சு இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் இருந்தது. பக்கங்களை வடிவமைக்கும் கணினிகளுக்கு இருக்கவில்லை. ஈய எழுத்துக்களை விட்டுக் கணினிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மின்சாரம் போனாலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுத்துக் கோத்துப் பழகிய முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவர், கணினிகள் ஒன்றாக அணையும்போதெல்லாம் எங்களைப் பார்த்து ஒன்றும் பேசாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் போன்ற கண்டனத்தை எந்த வாசகர் கடிதத்திலும் நான் கண்டதில்லை.

அப்படியான ஓரிரவு, ஒன்பதரை மணிக்கு மின்சாரம் திரும்பியது. மரண அறிவித்தல் பக்கம் வடிவமைக்கப்படும் கணினியை அதன் இயக்குநரான பெண்பிள்ளை முடுக்கினார். நினைவகத்தை எண்ணி முடித்த திரை, விசைப்பலகையில் பிழை அல்லது விசைப்பலகையே இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துமாறும் கேட்டது. இல்லாத பலகையில் இருக்கின்ற விசையை எப்படி அழுத்துவது என்று அவர் என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பக்கம் வெறும் பக்கமன்று. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் பெயர்ந்த பிறகு, உறவினர் எவர் எங்கே இருக்கிறார் என்பது எவருக்கும் சரிவரத் தெரியாத காலம் அது. வடக்குடன் தொலைபேசித் தொடர்பு இல்லை. கொழும்பின் லொட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் முகவரி இல்லாமல் தங்கியிருந்தவர்களுக்கு, தம்மவர் ஒருவர் இறந்த செய்தியைக் கொண்டுபோனது காலைப் பத்திரிகைதான். அன்று மாலை ஒருவர் தன் தாயாரின் படத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் தந்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குப் பொரளை கனத்தை மயானத்தில் தகனம். மறுநாள் பத்திரிகையில் வராவிட்டால் அந்த அறிவித்தலுக்கு அர்த்தமே இல்லை. அது அந்தக் கணினியின் வன்தட்டுக்குள் இருந்தது. அதற்குள் நுழையும் வாசல் பூட்டியிருந்தது.

வாசல் ஏன் பூட்டிக்கொண்டது என்பதை அன்றிரவே அறிந்தேன். அந்தப் பூட்டு எப்படி வந்தது என்பதை அறியப் பல ஆண்டுகள் சென்றன. இரண்டாவது கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தட்டச்சுப்பொறிக்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்கு அமைத்துத் தந்த தட்டச்சுப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு விசை இறுகினால் அந்த எழுத்து மட்டும் விழாது, மற்றவை விழும். கணினியின் விசைப்பலகை அப்படியல்ல. அது ஒரு வயரின் மறுமுனையில் இருக்கும் தனிக் கருவி. தான் உயிரோடு இருப்பதை அது தானே சொன்னாலன்றிப் பெட்டிக்குத் தெரியாது.

இந்தச் சொல்லும் முறையை நாமறிந்த தனியாள் கணினிக்கு வகுத்தவர்கள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பொக்கா றேற்றன் நகரிலிருந்த ஐ.பி.எம். பொறியியலாளர்கள். டொன் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவர்கள் உருவாக்கிய 5150 என்ற கணினி, 1981 ஓகஸ்ட் 12 இல் அறிவிக்கப்பட்டது. ஆரம்ப விலை 1,565 டொலர். அதன் விசைப்பலகையில் 83 விசைகள். பலகைக்குள்ளேயே இன்டெல் 8048 என்ற சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு இருந்தது. விசைப்பலகை என்பதே ஒரு குட்டிக் கணினி என்பது பலருக்கு இன்றும் வியப்பைத் தரும்.

விசையை அழுத்தும்போது அந்தச் சில்லு எழுத்தை அனுப்புவதில்லை. ஓர் இலக்கத்தை அனுப்புகிறது. ஏ என்ற ஆங்கில எழுத்துள்ள விசையை அழுத்தினால் 30. விரலை எடுத்தால் அதனுடன் 128 ஐக் கூட்டி 158. எந்த விசை எந்த எழுத்து என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளே தீர்மானிக்கிறது. அதே பலகையில் நாம் தமிழ் அடிக்க முடிவதும் இதனால்தான்.

இனித் தொடக்கத்துக்கு வருவோம். மின்சாரம் பாய்ந்ததும் 5150 தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அதன் நிரந்தர நினைவகத்தில் பதித்திருந்த பயோஸ் என்ற அடிப்படை நிரல் ஒவ்வோர் உறுப்பாக விசாரிக்கும். விசைப்பலகையின் முறை வரும்போது, வயரிலுள்ள நேரக்குறிப்புத் தடத்தைப் பெட்டி ஏறத்தாழ 20 மில்லி செக்கன்கள் கீழே இழுத்துப் பிடித்து விடும். 'எழும்பு' என்பதற்கு அதுவே சைகை. பலகை தன் சில்லைத் தானே பரிசோதித்து, நலமென்றால் 170 என்ற இலக்கத்தை அனுப்பும். பொறியியலாளர்கள் எழுதும் பதினாறடிமான முறையில் இது ஏஏ. அந்த இலக்கம் வந்தால் வருகை பதிவாகும். வராவிட்டால் திரையில் 301 தோன்றும்.

அதோடு முடியவில்லை. 170 வந்த பிறகும் பெட்டி ஒரு கணம் காத்திருக்கும். எவரும் தொடாத அந்த வேளையில் ஏதாவது ஒரு விசையின் இலக்கம் வந்தால், எங்கோ ஒரு விசை அழுந்திக் கிடக்கிறது என்று பொருள். அதற்கும் 301 தான். கூடவே அந்த விசையின் இலக்கமும் காட்டப்படும். பலகை இல்லாமற் போனதும் பலகை ஓயாமல் பேசுவதும் ஒரே இலக்கத்தின் கீழ் வந்தன. பின்னாளில் எத்தனையோ பேரைக் குழப்பிய விடயம் இது.

101 என்றால் தாய்ப்பலகை, 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் நெகிழ்வட்டு இயக்கி. கணினி என்பது தனி மண்டபத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் காவலில் இருந்த காலம் முடிந்து, கணக்காளரின் மேசைக்கு அது வந்தபோது, கோளாறையும் அதுவே சொல்ல வேண்டியிருந்தது. ஐ.பி.எம். இந்தச் சோதனை நிரல் முழுவதையும் தனது தொழில்நுட்பக் கைநூலில் அச்சிட்டு விற்றது என்பதையும் குறிப்பிட வேண்டும். எவரும் வாசிக்கலாம், பிரதி பண்ணத்தான் முடியாது. ஆகவே 1982 இல் கொம்பக் நிறுவனமும், 1984 இல் பீனிக்ஸ் நிறுவனமும், அந்த நிரலைப் பாராதவர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் வேறு நிரலை எழுதுவித்தன. உலகெங்கும் மலிவுக் கணினிகள் பெருகியது அந்த வழியால். எங்கள் அலுவலகத்துக் கணினியும் அந்தப் பரம்பரைதான்.

5150 இல் ஒரு வேடிக்கையும் இருந்தது. பெட்டியின் பின்புறத்தில் ஐந்து ஊசிகள் கொண்ட வட்டத் துளைகள் இரண்டு அருகருகே இருந்தன. ஒன்று விசைப்பலகைக்கு; மற்றது நிரல்களைச் சேமிக்கும் ஒலிநாடாக் கருவிக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இருட்டில் மாற்றிச் செருகியவர்களுக்கு 301. இரண்டாண்டுகளின் பின் வந்த எக்ஸ்.டி. கணினியில் நாடாத் துளையை நீக்கிவிட்டார்கள்.

1984 ஓகஸ்டில் வந்த ஏ.டி. கணினி இந்த உறவை மாற்றியது. அதுவரை பலகை பேசும், பெட்டி கேட்கும். இனிப் பெட்டியும் பலகைக்குக் கட்டளையிடலாம். தாய்ப்பலகையில் 8042 என்ற இன்னொரு சில்லு இதற்கென அமர்ந்தது. எண்விசைப் பூட்டு, பெரிய எழுத்துப் பூட்டு முதலியவற்றுக்கு மூன்று சிறு விளக்குகள் பலகையில் வந்ததும் அப்போதுதான். மின்சாரம் கிடைத்ததும் பலகை தன்னைச் சோதிக்கும்போது மூன்றும் ஒருகணம் மின்னி அணையும். இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்த 8042 சில்லில் மிச்சமிருந்த ஊசிகளை ஐ.பி.எம். வேறு வேலைகளுக்கும் பிடித்துக்கொண்டது. 80286 என்ற அக்கால மூளை, பாதுகாப்பு நிலைக்குள் போனால் தானாகத் திரும்பி வரத் தெரியாதது. அதை மீள முடுக்கிப் பழைய நிலைக்குக் கொணரும் பொறுப்பு விசைப்பலகைச் சில்லுக்குக் கிடைத்தது. நினைவகத்தின் முகவரித் தடமொன்றைத் திறந்து மூடும் காவலும் அதற்கே. வாசற்காவலாளியிடம் பெட்டகத் திறப்பையும் கொடுத்து வைத்ததைப் போன்றது இது. ஆதலால் அந்தச் சில்லு கெட்டால் தட்டச்சு மட்டுமல்ல, கணினியே நின்றுவிடும். ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் பயோஸ் உள்ள கணினிகள் அவ்வேளை ஆறு முறை கூவும்.

ஏ.டி. யின் முகப்பில் ஒரு பூட்டும் இருந்தது. திறப்பைத் திருப்பினால் விசைப்பலகை ஊமையாகும். பூட்டியபடியே கணினியை முடுக்கினால் 302. முகாமையாளர் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட, மறுநாட் காலை 302 ஐப் பார்த்து விழித்த அலுவலகங்கள் உலகில் எத்தனை இருந்திருக்குமோ!

எஃப்1 ஐ அழுத்தச் சொல்லும் அந்தப் பிரசித்தமான வாசகத்தின் வேரும் ஏ.டி. காலத்து அறிவித்தல்களில் இருக்கிறது. அதை முட்டாள்தனத்துக்கு உதாரணமாகக் காட்டாதவர் இல்லை. என் கருத்து வேறு. எந்தப் பிழை கண்டாலும், அதைக் காட்டிவிட்டு, மனிதர் பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை காத்திருப்பதற்காக எழுதப்பட்ட பொது வாசகம் அது. விசைப்பலகைப் பிழையும் அதே வரிசையில் வந்து நின்றதால் நகைப்புக்கு இடமாயிற்று. கழன்ற வயரைச் செருகினாலோ அழுந்திய விசையை விடுவித்தாலோ எஃப்1 வேலை செய்யும். அந்த வகையில் அது அர்த்தமற்ற கட்டளையன்று. விசைப்பலகையே தேவைப்படாத கணினிகளுக்காக, விசைப்பலகை தவிர்ந்த மற்றப் பிழைகளுக்கு மட்டும் நிற்குமாறு ஏற்பாடு செய்யும் வசதி பின்னர் பயோஸில் வந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்வதற்கு ஒரு விசைப்பலகை வேண்டும் என்பது வேறு கதை.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். 301 இன் வரலாறு எதுவும் தெரியாத நான், தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதையே செய்தேன். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகை வயரைப் பிடுங்கி மீண்டும் செருகினேன். பயனில்லை. இரண்டாம் முறையும் பிடுங்கிச் செருகினேன். பிறகு பக்கத்துக் கணினியிலிருந்த நல்ல பலகையைக் கொண்டுவந்து பொருத்தினோம். அதே வாசகம். ஆகவே பழுது பலகையில் இல்லை, பெட்டியில்தான் என்று ஆசிரிய பீடம் ஏகமனதாகத் தீர்மானித்தது. தர்க்கம் சரியானது, முடிவு பாதிதான் சரி. ஏனெனில் பெட்டியைப் பழுதாக்கியவன் நான்.

வெள்ளவத்தையிலிருந்து கணினி திருத்தும் இளைஞரை அழைத்தோம். ஊரடங்குக்கு ஒப்பான அந்த நாட்களில், சோதனைச் சாவடிகளைத் தாண்டி அவர் வந்து சேரப் பதினொரு மணியாயிற்று.

"ஐயா, வயரை எப்ப இழுத்தனீங்கள்? கரண்ட் இருக்கேக்கையோ?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி."

அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியின் மூடியைக் கழற்றினார். விசைப்பலகைத் துளைக்குப் பக்கத்தில், தாய்ப்பலகையில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஓர் உறுப்பைக் காட்டினார். பலகைக்குப் போகும் ஐந்து வோல்ற் மின்சாரத்துக்கான பியூஸ் அது. ஓடும் கணினியில் ஊசிகள் கோணலாக உரசும்போது குறுக்குச் சுற்று ஏற்பட்டால் அது எரிந்து தாய்ப்பலகையைக் காப்பாற்றும். எரிந்திருந்தது. அதனால்தான் நல்ல பலகையும் அங்கே செத்துக்கிடந்தது. அந்த உறுப்பின் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் அதன் பெயர் அச்சிடப்பட்டிருந்தது: எஃப்1. எந்த எஃப்1 ஐ அழுத்தச் சொன்னார்களோ என்று அந்தப் பிள்ளை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"இது செய்யக்கூடாத வேலை. விடிஞ்சாப்பிறகு புது பியூஸ் போட்டுத் தாறன்" என்று சொல்லி, அவர் ஒரு மெல்லிய செப்பிழையை அதன் குறுக்கே பற்றவைத்தார். பழைய விசைப்பலகையை அதன் இடத்திலேயே வைத்து வயரைச் செருகிவிட்டுக் கணினியை முடுக்கினார். நாங்கள் திரையைப் பார்த்தோம். அவர் பலகையைப் பார்த்தார். மூன்று விளக்குகளும் மின்னி அணைந்தன. சில செக்கன்களில் திரையில் மீண்டும் அதே பிழை.

என் நெஞ்சு இறங்கிப்போயிற்று. அவரோ முதன்முறையாகச் சிரித்தார். "லைற் பத்தினது. பலகை உயிரோட இருக்கு. அது இல்லையெண்டு சொல்லேல்லை, கூடக் கதைக்குது" என்றார். குனிந்து பார்த்து, ஒப்புநோக்குவதற்காகக் கட்டி வைத்திருந்த பிரதிகளின் கட்டு ஒன்றை நகர்த்தினார். மின்வெட்டு நேர இருட்டில் எவரோ அதை மேசையில் வைத்திருக்கிறார்கள். அதன் விளிம்பு சரிந்து, வலது ஓரத்திலிருந்த எண் விசைகளின் மேல் சாய்ந்திருந்தது. கட்டை எடுத்துவிட்டு எஃப்1 ஐ அழுத்தினார். விண்டோஸ் திறந்தது.

ஒன்பதரை மணிக்கு அந்தக் கட்டை நகர்த்தியிருந்தால் போதும். அப்போதும் விளக்குகள் மின்னியே இருக்கும். பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. காகிதக்கட்டு ஒரு பிழை. அதைத் திருத்தப்போன என் கைகள் இரண்டாவது பிழை. இரண்டுக்கும் திரையில் வாசகம் ஒன்றே. பக்கம் பன்னிரண்டே காலுக்கு அச்சுக்குப் போயிற்று. அறிவித்தல் மூன்றாம் பத்தியில் படத்துடன் வந்தது.

அதற்குப் பிந்திய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1987 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய பி.எஸ்.2 கணினியின் சிறிய ஆறு ஊசிச் செருகி, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்களிடமும் வந்து சேர்ந்தது. வடிவம்தான் புதிது, பேச்சு அதே ஏ.டி. பேச்சு. விசைப்பலகைக்கும் மவுசுக்கும் ஒரே அளவுத் துளை இருந்ததால் பழைய 5150 இன் தவறு திரும்பி வந்தது. அதற்காகத்தான் பலகைக்கு ஊதாவும் மவுசுக்குப் பச்சையும் பின்னர் நிறங்களாக ஏற்படுத்தப்பட்டன. ஓடும்போது பிடுங்கக்கூடாது என்ற விதியும் மாறவில்லை.

1996 ஜனவரியில் முதற் பதிப்பு வெளியான யூ.எஸ்.பி. முறை அந்த விதியை நீக்கியது; வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. யூ.எஸ்.பி. பலகையுடன் பேச ஒரு முழு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் ஏறும் முன்னர் அது இல்லை. ஆகவே பயோஸ் தானே அந்தப் பலகையை வாசித்து, பழைய 8042 சில்லு பேசுவதைப்போல் நடிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த நடிப்பு பயோஸில் நிறுத்தப்பட்டிருந்தால், விண்டோஸ் வந்த பின் நன்றாக இயங்கும் பலகை, தொடக்கத்தில் மட்டும் பிணமாகக் கிடக்கும். நண்பர் ஒருவர் வீட்டில் இந்த நோயைக் கண்டேன். பழுதான விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் திறக்க எஃப்8 ஐ அவர் அரைமணி நேரம் அடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த ஊதாச் செருகிப் பலகையைக் கொண்டுபோய்ப் பொருத்தி, பயோஸுக்குள் நுழைந்து, அந்த ஏற்பாட்டை இயக்கிவிட்டு வந்தேன். வயர் மாற்றுமுன் கணினியை அணைத்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2012 இல் விண்டோஸ் 8 வந்தபோது விசைப்பலகை கெடாமலே தொடக்கத்தில் தோற்றது. வன்தட்டு மறைந்து திண்மநிலைச் சேமிப்பகம் வந்ததில் கணினிகள் மிக விரைவாக எழத் தொடங்கின. எஃப்2, எஃப்8 விசைகளை அழுத்தக் கிடைக்கும் அவகாசம் சில கணினிகளில் 200 மில்லி செக்கன்களுக்கும் குறைந்துவிட்டதாக மைக்றோசொவ்ற் பொறியியலாளர்களே அவ்வாண்டு எழுதினார்கள். விரைவுத் தொடக்கத்துக்காக யூ.எஸ்.பி. கருவிகளை எழுப்பாமலே கடந்துபோகும் கணினிகளும் வந்தன. அதனால் அந்தப் பட்டியலைத் தொடக்கத்தில் அன்றி, விண்டோஸுக்குள் இருந்தபடி ஷிப்ற் விசையைப் பிடித்துக்கொண்டு மீள்தொடக்கம் கொடுத்துப் பெறுமாறு மாற்றினார்கள். 1981 இன் பெட்டி பலகைக்காகக் காத்து நின்றது. இது நிற்பதில்லை.

அந்தப் பியூஸ் விடயம் மிச்சமிருக்கிறது. விடிந்த பிறகு புதிது போடுவதாகச் சொன்ன இளைஞர் அந்த ஆண்டே கனடாவுக்குப் போய்விட்டார். அந்தக் கணினியை அலுவலகம் கழித்து ஒதுக்கியபோது மூடியைத் திறந்து பார்த்தேன். செப்பிழை அப்படியே இருந்தது.